ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்னால் அந்த ஃபேனைப் பாருங்கள்

வாசகர் ஒருவர் கேட்டிருந்தது இது. 2007 சான்ட்ரோ ஜிங் கார், அப்பா வாங்கிய வண்டி, 94,000 கிலோமீட்டர். நாலு தொல்லை. ஏசி போட்டுக்கொண்டு சிக்னலில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது; சென்னை ஓஎம்ஆர் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முள் பாதியிலேயே நிற்கிறது. ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம்) ஏறி இறங்கி, சில சமயம் வண்டி அணைந்துவிடுகிறது. காலையில் சில நாள் செல்ஃப் (எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார்) 'டக்' என்ற ஒரு சத்தத்தோடு நின்றுவிடுகிறது. ஸ்பீட் பிரேக்கரில் முன்பக்கம் கடகட என்கிறது, ஸ்டியரிங் இடப்பக்கம் இழுக்கிறது. மெக்கானிக் "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், திறந்து பார்க்கணும், 35,000 ஆகும்" என்கிறார். (ஹெட் என்பது எஞ்சினின் மேல் பாகம்; அதற்கும் கீழ்ப் பாகத்துக்கும் இடையில் கசியாமல் அடைக்கும் தகடு கேஸ்கெட்.) செலவு செய்வதா, காயலான் கடைக்குத் தள்ளுவதா?

முதலில் ஒரு கணக்கு. 18 வருஷத்தில் 94,000 என்றால் வருஷத்துக்கு ஐயாயிரம் கிலோமீட்டர் சொச்சம். இது ஓடித் தேய்ந்த வண்டி இல்லை, நின்று காய்ந்த வண்டி. ஆயிலை ஒழுங்காக மாற்றியிருந்தால் இந்த எஞ்சினின் பிஸ்டனுக்கும் கிராங்குக்கும் 94,000 பெரிய விஷயமே இல்லை. வயசானது இரும்பு இல்லை. ரப்பர், பிளாஸ்டிக், ஒயர் முனைகள், அவைதான். ஆகவே சந்தேகத்தை அங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும். எஞ்சினைத் திறப்பது கடைசி.

சூடேறுவதை எடுத்துக்கொள்வோம். உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. வண்டி ஓடும்போது காற்று தானாக ரேடியேட்டருக்குள் புகுந்துவிடும். நிற்கும்போது அந்தக் காற்றை இழுத்துக் கொடுப்பது ஃபேன் மட்டும்தான். ஓடும்போது குளிர்ந்து நிற்கும்போது ஏறினால் காற்றில் குறை. நிற்கும்போது ஒழுங்காக இருந்து பைபாஸில் மிதிக்கும்போது ஏறினால் தண்ணீர் ஓட்டத்தில் குறை: ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) பாதிதான் திறப்பது, வாட்டர் பம்ப். இரண்டு நேரமும் ஏறி, கூலன்ட்டும் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) எங்கே போகிறதென்றே தெரியாமல் குறைந்தால்தான் கேஸ்கெட்டைப் பற்றிப் பேச வேண்டும். உங்களுடையது முதல் வகை.

சோதனை சுலபம். வண்டியை ஸ்டார்ட் செய்து, ஏசியைப் போட்டு, பானட்டைத் திறந்து பாருங்கள். ஏசி போட்டதும் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்), கனெக்டர், மோட்டார் என்று வரிசையாகப் போங்கள். ரிலேயை அதே பெட்டியில் இருக்கும் அதே எண்ணுள்ள இன்னொரு ரிலேயோடு மாற்றிப் போட்டுப் பார்க்கலாம், காசே ஆகாது. அப்புறம் ஃபேனின் கனெக்டரைக் கழற்றிவிட்டு, பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் இழுத்து நேராக மோட்டாருக்குக் கொடுங்கள். சுற்றினால் மோட்டார் நல்லது, வழியில்தான் கோளாறு. சுற்றாவிட்டால் மோட்டார். கையை மட்டும் இறக்கைக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். சூடான எஞ்சினில் ஃபேன் எப்போது கிளம்பும் என்று சொல்ல முடியாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என்னிடம் முன்பு இருந்த ஒரு பழைய காரில் இதே தொல்லை. நான் ரேடியேட்டரை மாற்றினேன், தெர்மோஸ்டாட்டை மாற்றினேன், மூடியையும் மாற்றினேன். பல்லாவரம் சிக்னலில் முள் மறுபடி மேலே. கடைசியில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் வந்தார். ஏசியைப் போடச் சொன்னார். துடைப்பக் குச்சி ஒன்றை எடுத்து, நின்றிருந்த இறக்கையை லேசாகத் தள்ளினார். விர்ரென்று கிளம்பியது. "பிரஷ் தேஞ்சுபோச்சு சார். தள்ளிவிட்டா ஓடும், தானா எழுந்திருக்காது" என்றார். பிறகு கனெக்டரைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். வெள்ளை பிளாஸ்டிக் ஓரத்தில் தேநீர்க் கறை மாதிரி பழுப்பாகி, ஒரு பக்கம் உருகி வழிந்திருந்தது. தேய்ந்த மோட்டார் கூடுதல் கரன்ட் இழுக்க, அந்தச் சூட்டில் பின் தளர்ந்து, தளர்ந்ததால் இன்னும் சூடாகி என்று இரண்டும் ஒன்றை ஒன்று கெடுத்திருக்கின்றன. மூன்று பார்ட் வாங்கிய காசு போனது போனதுதான். தப்பு என்னுடையது. ஒரு தடவைகூட பானட்டைத் திறந்துவைத்து ஃபேனைப் பார்க்கவில்லை.

மெக்கானிக்குகளை முழுதாகக் குறை சொல்லவும் முடியாது. அரை மணி நேரம் பார்த்து "இதுதான் கோளாறு" என்று சொன்னவருக்குக் காசு கொடுக்க நமக்கு மனசு வராது. பார்ட் மாற்றினால் கொடுத்துவிடுவோம். அதனால் அவர்களும் பார்ட்டை மாற்றிப் பார்க்கிறார்கள். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் கிடைத்தால் பார்த்துச் சொன்னதற்கே தனியாகப் பணம் கொடுங்கள்.

ஃபேன் நன்றாகச் சுற்றியும் ஏறினால், ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் டார்ச் அடித்துப் பாருங்கள். 18 வருஷத்துப் புழுதியும் பூச்சியும் கம்பளி மாதிரி அடைத்திருக்கும். மெதுவான தண்ணீரில் கழுவினால் போதும். பிரஷர் வாஷ் வேண்டாம், ஃபின் எனும் மெல்லிய தகடுகள் எல்லாம் மடங்கிவிடும்.

அடுத்து ரேடியேட்டர் மூடி. சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், ஒரு பார் கூடுதல் அழுத்தத்தில் 120 டிகிரி வரை கொதிக்காது. அந்த அழுத்தத்தைப் பிடித்து வைப்பது மூடிக்குள் இருக்கும் ஒரு ஸ்பிரிங்கும் ஒரு ரப்பர் வளையமும்தான். வளையம் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். மூடியின் மேல் 0.9, 1.1 என்று ஓர் எண் இருக்கும், அதே எண்ணில் வாங்குங்கள். எஞ்சின் ஆறாமல் அதைத் திறக்கவே கூடாது. முகத்தில் ஆவி அடித்து வெந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நம் ஊரின் இன்னொரு வியாதி போர் தண்ணீர். கூலன்ட் குறைந்தால் பக்கத்துக் குழாயில் பிடித்து ஊற்றிவிடுவோம். டீ போடும் பாத்திரத்தின் அடியில் படிகிற அதே வெள்ளை உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும், அலுமினிய ஹெட்டையும் அரிக்கும். வடிக்கும்போது தண்ணீர் துருநிறத்தில் வந்தால் நாலைந்து முறை அலசிவிட்டு, டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள்.

கேஸ்கெட் சந்தேகத்தையும் தீர்த்துவிடலாம், திறக்காமலே. காலையில் எஞ்சின் முழுக்க ஆறிக் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து, நிரப்பி, ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஆரம்பத்தில் நாலு குமிழ் வரும், அது உள்ளே மாட்டிய காற்று. விடாமல் சோடா மாதிரி பொங்கிக்கொண்டே இருந்தால் சிலிண்டர் வாயு தண்ணீரில் கலக்கிறது. மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிஷத்திலேயே, சூடேறும் முன்பே, மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினாலும் அதே அர்த்தம். ஆயில் மூடிக்கு அடியில் காபி நுரை மாதிரி படிந்திருக்கிறதா, சைலன்சரில் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை விடாமல் வருகிறதா என்றும் பாருங்கள். இத்தனைக்கும் மேல் கம்ப்ரெஷன் டெஸ்ட் இருக்கிறது. நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும், அடுத்தடுத்த இரண்டு மட்டும் தாழ்ந்திருந்தால் கேஸ்கெட்தான். இதில் ஒன்றுகூட இல்லாமல் ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்காதீர்கள்.

இப்போது செல்ஃபுக்கு வருவோம். இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது: உங்கள் நாலு தொல்லையில் மூன்று ஒரே இடத்திலிருந்து வரலாம்.

'டக்' என்று ஒரே ஒரு சத்தம் வருவது வேறு, 'டகடகடக' என்று தொடர்ந்து வருவது வேறு. தொடர்ந்து வந்தால் பெரும்பாலும் பேட்டரி காலி. ஒரே சத்தம் என்றால் செல்ஃப் மோட்டாருக்குப் போதிய கரன்ட் போய்ச் சேரவில்லை, அல்லது மோட்டாரே தேய்ந்துவிட்டது. இரவில் ஹெட்லைட்டைச் சுவரில் படும்படி போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் அப்படியே செத்துப்போனால் பேட்டரி அல்லது டெர்மினல். வெளிச்சம் அசையாமல் இருந்து 'டக்' மட்டும் கேட்டால் செல்ஃப் பக்கம். சத்தமும் இல்லை, வெளிச்சமும் மாறவில்லை என்றால் சாவி ஸ்விட்ச், ரிலே பக்கம்.

சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்ட்டிமீட்டர் வாங்கிவிடுங்கள். பழைய வண்டி வைத்திருப்பவர் வீட்டில் ஸ்பேனர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இது வேண்டும். இரவெல்லாம் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் செய்வது) வேலை செய்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே சரிந்தால் பேட்டரியின் காலம் முடிகிறது. நம் வெயிலில் ஒரு பேட்டரி மூணு நாலு வருஷம் உழைத்தால் அதுவே அதிகம்.

இதெல்லாம் எல்லோரும் பார்ப்பது. யாரும் பார்க்காதது எர்த், அதாவது பேட்டரியின் மைனஸை எஞ்சினோடும் வண்டி உடலோடும் இணைக்கும் ஒயர். மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் மைனஸ் கம்பத்திலேயே வையுங்கள், கிளாம்ப் மேல் வேண்டாம். சிவப்பு முனையை எஞ்சினின் வெறும் உலோகத்தில் அழுத்திப் பிடியுங்கள். இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மீட்டர் 0.2, போனால் 0.3 வோல்ட் காட்டலாம். அதற்கு மேல் காட்டினால் அந்த எர்த் ஒயரிலோ அதன் போல்ட்டிலோ துரு இருக்கிறது, செல்ஃபுக்குப் போக வேண்டிய வோல்ட் அங்கே சூடாக வீணாகிறது. அப்படி இருந்தால் அதே எர்த்தை நம்பியிருக்கும் மற்றதும் நொண்டும். ஃபேன் மந்தமாகச் சுற்றலாம், ஐடிலிங்கைப் பார்த்துக்கொள்ளும் மின்வால்வு தடுமாறலாம். போல்ட்டைக் கழற்றி, இரண்டு பக்கமும் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலைன் தடவுங்கள். பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பதற்கு வெந்நீர் போதும். மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும் என்பது மட்டும் மறக்கக் கூடாது. இந்த அரை நாள் வேலையை முடித்துவிட்டு, அந்த மூன்று தொல்லையும் இன்னும் இருக்கிறதா என்று ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

ஐடிலிங் அதன் பிறகும் ஏறி இறங்கினால் இரண்டு இடம் பாக்கி. ஒன்று த்ராட்டில் பாடி, எஞ்சினுக்குள் போகும் காற்றை அளந்து விடும் வாய். ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி உள்ளே பாருங்கள், வட்டத் தகட்டின் ஓரத்தில் கரி, தோசைக்கல் ஓரம் போலக் கறுத்திருக்கும். ஐடிலிங்கில் காற்று போவது மயிரிழை இடைவெளி வழியாகத்தான், அதைக் கரி அடைத்துவிடும். அதற்கென்றே விற்கிற கிளீனரும் பழைய துணியும் போதும். கத்தியால் சுரண்டாதீர்கள். ஏசி போட்டதும் ஐடிலிங் தூக்கிக் கொடுக்க வேண்டும். தூக்காமல் தொய்ந்தால் ஐடில் வால்வும் அழுக்கு என்று அர்த்தம். சுத்தம் செய்த பிறகு ஒன்றிரண்டு நாள் ஐடிலிங் விநோதமாக இருக்கலாம், கம்ப்யூட்டர் புது அளவைப் பழகிக்கொள்ளும் வரை.

இன்னொன்று வேக்கம் ஹோஸ்கள், எஞ்சின் காற்றை உறிஞ்சும் பக்கத்தில் மாட்டியிருக்கும் குழாய்கள். இங்கேயும் ரப்பர்தான். விரல் தடிமன் குழாய்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பாருங்கள். வளையும் இடத்தில் நெடுகக் கீறல் தெரிந்தால் அது காற்றைத் திருடுகிறது, 'உஸ்' என்ற சத்தம்கூடக் கேட்கும். பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸைக் கட்டாயம் பாருங்கள். ஸ்பிரே அடித்து ஓட்டை கண்டுபிடிக்கும் வித்தையை வீடியோக்களில் காட்டுவார்கள். சூடான எஞ்சின் மேல் எரியக்கூடிய திரவம் அது, வீட்டு வாசலில் வேண்டாம்.

செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் கோட் (வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் கோளாறு எண்) எடுக்கலாம். ஆனால் மலிவான ப்ளூடூத் ஸ்கேனர் இந்த வயசு வண்டிகளோடு பல நேரம் பேசவே பேசாது. கோட் வந்தாலும் அது அறிகுறியைச் சொல்லும், பார்ட்டைச் சொல்லாது. பி0171 என்று வந்தால் 'காற்று அதிகம், பெட்ரோல் குறைவு' என்றுதான் பொருள். உடனே ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். உண்மையில் அந்தச் சென்சார்தான் கீறல் விட்ட ஒரு ஹோஸைப் பற்றி ஒழுங்காகப் புகார் கொடுத்திருக்கும்.

முன்பக்கச் சத்தத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இதற்கு நல்ல சஸ்பென்ஷன் கடைக்காரர் பத்து நிமிஷத்தில் பதில் சொல்லிவிடுவார். ஜாக்கி மட்டும் போதாது, ஸ்டாண்ட் வைத்துத் தூக்குங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டி லொடலொடத்தால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். இடமும் வலமும் பிடித்து ஆட்டி லொடலொடத்தால் டை ராட் முனை அல்லது ஸ்டியரிங் ராக். இரண்டும் இல்லாமல் சின்னப் பள்ளத்தில் கடகட என்றால் ஸ்டெபிலைசர் புஷ், லோயர் ஆர்ம் புஷ், மேலே ஸ்ட்ரட் மவுன்ட், எல்லாமே ரப்பர். புஷ்களை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். பால் ஜாயின்ட் ஆடினால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. அது விட்டுப்போனால் சக்கரம் வெளியே மடங்கிவிடும்.

இடப்பக்கம் இழுப்பதில் கொஞ்சம் இயல்பானதும் உண்டு. மழைத்தண்ணீர் வடிய ரோடு ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும், நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். காலியான அகல ரோட்டின் நடுவில் ஓட்டிப் பார்த்தும் இழுத்தால்தான் கோளாறு. முதலில் டயர் காற்று. அப்புறம் முன் டயர் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போடுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் டயர்தான் காரணம். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும், 2314 என்றால் 2014-இன் 23-ஆவது வாரம் செய்தது. உங்கள் மாதிரி குறைவாக ஓட்டுகிறவர்கள் வண்டியில் டயரின் பட்டன் (ரோட்டில் படும் வரிகள்) நிறைய இருக்கும், ரப்பர் செத்திருக்கும். அடுத்தது பிரேக். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வீல்களுக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கம் கேலிப்பர் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) பிடித்துக்கொண்டிருக்கிறது. அலைன்மென்ட் இதற்கெல்லாம் பிறகு. ஆடுகிற புஷ்ஷை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்வது வீண் செலவு.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயம். ஒன்று டைமிங் பெல்ட், வால்வுகள் பிஸ்டனோடு ஒத்துத் திறந்து மூடும்படி ஓட்டுவது. இந்த எஞ்சினில் அது அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும், வால்வு வளையும், அப்போது நிஜமாகவே ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும். கடைசியாக எப்போது மாற்றியது என்று பில்லோ அப்பாவின் நினைவோ இல்லாவிட்டால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு பெல்ட்டையும் டென்ஷனரையும் மாற்றுங்கள். 35,000-ஐ எதற்காவது செலவு செய்வதாக இருந்தால் முதல் பங்கு இதற்குத்தான்.

இரண்டாவது பெட்ரோல் ஹோஸ். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். 2007-இல் வந்த ரப்பர் அதை நினைத்துச் செய்யப்பட்டதல்ல, வீங்கும், வெடிக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், அதனால் டாங்கில் மாதக்கணக்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள். மைலேஜ் கொஞ்சம் குறைவதற்கும் இது ஒரு காரணம், எத்தனாலில் சூட்டுச் சக்தி குறைவு. வண்டியில் பெட்ரோல் வாசனை வந்தால் அன்றைக்கே ஓட்டுவதை நிறுத்திவிட்டு ஹோஸையும் கிளாம்பையும் பாருங்கள்.

சாமான் வாங்க: புதுசுக்கு ஜி.பி. ரோடு, பழசுக்குப் புதுப்பேட்டை என்பது சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கதவுக் கைப்பிடி, கண்ணாடி, ஃபேன் கூடு, விளக்கு எல்லாம் புதுப்பேட்டையில் தாராளமாக எடுக்கலாம். பெல்ட், பிரேக், பால் ஜாயின்ட், ஹோஸ் இவற்றைப் பழசில் வாங்காதீர்கள். ஃபேன் மோட்டார் பழசு என்றால் கடையிலேயே பேட்டரியில் தொட்டுச் சுற்றவிட்டுப் பார்த்து எடுங்கள்.

விற்பதா வைத்திருப்பதா என்பதற்கு நான் பார்ப்பது எஞ்சினை அல்ல, அடித்தளத்தை. வண்டியைத் தூக்கி, சஸ்பென்ஷன் மாட்டியிருக்கும் இடங்களிலும் கதவுக்குக் கீழ் ஓரத்திலும் ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் விற்றுவிடலாம். கடலோரத்தில் நிற்கிற வண்டி என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள். கெட்டியாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்சியையும் எடுத்துப் பாருங்கள். சொந்தக் காருக்கு 15 வருஷப் பதிவு, பிறகு ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022-இல் புதுப்பித்திருந்தால் அடுத்தது 2027. அதையும் கணக்கில் சேருங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஏசியைப் போட்டு ஃபேன் சுற்றியதா, எர்த் சோதனையில் மீட்டர் எவ்வளவு காட்டியது, இந்த இரண்டை மட்டும் எழுதுங்கள். ஃபேன் சுற்றியும் முள் ஏறினால் ரேடியேட்டரின் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டையும் லேசாகத் தொட்டுப் பார்த்து, எது எவ்வளவு சூடு என்றும் சொல்லுங்கள். மேலே கொதித்து கீழே ஆறிக் கிடந்தால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டுப் பார்ப்பது எப்படி என்று அப்போது சொல்கிறேன்.